பரிதாவும் நாலாவது ஊர் மழையும்

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் பரிதாவின் லேப்டாப் ரிப்பேர் கடை இருக்கிறது. போர்டு கிடையாது. இருந்த ஒன்றும் ஒரு புயலில் பறந்துபோய் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. திரும்ப வாங்கி மாட்டக் கூடாதா என்று கேட்டால், "தேடி வர்றவங்களுக்கு வழி தெரியும், தெரியாதவங்க பாத்திரம் வாங்கிக்கினு போகட்டும்" என்பாள். வாய்க்கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். கூடுவாஞ்சேரியிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் ஆட்கள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த ஒடுக்கமான படிக்கட்டில் ஏறி வருவது நிஜம்தான்.

நாற்பத்துநாலு வயது. கையில் இருபது வருஷ அனுபவம். கணவன் யாசீன் ஏசி மெக்கானிக். இரண்டு பேருக்கும் பிழைப்பே சூட்டை எதிர்த்துத்தான் என்று அவன் சொல்லுவான். பரிதாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, ஏனென்றால் அவள் சொல்ல நினைத்ததை அவன் முந்திச் சொல்லிவிட்டான்.

அவளுடைய பேரே சூட்டைத் தணித்ததில்தான் வந்தது. கேளுங்கள், இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். பல லேப்டாப்களில் படம் காட்டும் வேலைக்கு இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். ஒன்று சின்னது. மெயில் பார்க்கவும் படம் பார்க்கவும் அது போதும், சாதுவாக இருக்கும். இன்னொன்று பெரியது, கேம் ஆடுகிறவர்களுக்காக வைத்தது. அது வேலை செய்ய ஆரம்பித்தால் விசிறி அலறும், மடியில் வைத்தவர் தொடை வேகும். தாம்பரத்தில் சித்திரை வெயிலில் எவன் தொடையை வேகவைத்துக்கொள்வான்? பரிதா எந்த லேப்டாப் வந்தாலும், என்ன ரிப்பேராக வந்தாலும், திருப்பிக் கொடுக்கும் முன் பெரிய கிராபிக்ஸை அணைத்துவிடுவாள். சின்னதை ஓட்டுகிற சாப்ட்வேருக்கு டிரைவர் என்று பேர். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி அதையும் பூட்டிவிடுவாள். "அப்டேட் வந்தாத்தான் வம்பு வரும்" என்பது அவள் கொள்கை. இதற்கு அவள் வைத்த பேர் கைவைத்தியம். ஒரு கையில் டீ இருக்கும், இன்னொரு கை அதைச் செய்து முடித்துவிடும், மனசுக்கே சேதி போகாது. வீட்டுக்குப் போனவர்கள், "பரிதாக்கா கை பட்டா லேப்டாப் ஜில்லுனு கீது" என்று ஊரெல்லாம் சொன்னார்கள்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. வாடிக்கையாளர் சேர்த்து வைத்திருக்கும் எதையும் அவள் திறக்க மாட்டாள். போட்டோவோ கணக்கோ கடிதமோ, எதுவும். "வூட்டு சாவிய குடுத்தா பீரோவ தொறக்கச் சொன்னதா அர்த்தம் இல்ல" என்பாள். நல்ல குணம். நல்ல குணமும் சமயத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதற்கு இந்தக் கதை சாட்சி.

சேலையூரில் சாமுண்டீஸ்வரி என்று ஒருத்தி. ஐம்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். கேம்ப் ரோடு சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு வேனைத் திருப்புகிறவளுக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயமிருக்காது. அப்படிப்பட்டவளுக்குத் தை மாதம் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே தேறிவிட்டது. இடது கைதான் மக்கர் பண்ணியது. விரல் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் நடுங்கும். டாக்டர், "ஆறு மாசத்துக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவுதான்மா வேகமா வரும், கைய சும்மா விடாதீங்க" என்று சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்.

"எலுமிச்சம்பழம் புழியறதுக்கா நான் பொறந்தேன்?" என்று சாமுண்டீஸ்வரி பந்தை ஜன்னல் வழியாக வீசிவிட்டாள்.

அவள் மகள் தீபலட்சுமி ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்ப்பவள். யோசித்து ஒரு வேலை செய்தாள். தன் பழைய லேப்டாப்பில் எமுலேட்டர் ஒன்றை ஏற்றினாள். எமுலேட்டர் என்றால், டி.வி.யில் மாட்டி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியைப் போல லேப்டாப்பை வேஷம் கட்ட வைக்கிற சாப்ட்வேர். அதில் ஒரு கார் பந்தய விளையாட்டு, ஒரு ஊரை ஜெயித்தால்தான் அடுத்த ஊர் திறக்கும். இரண்டு கையிலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தாள். அதில் வண்டியைத் திருப்புவது இடது கட்டைவிரல். சாமுண்டீஸ்வரிக்கு அவ்வளவு போதும். முதல் வாரம் வண்டி மதில்மேல் ஏறியது. மூன்றாவது வாரத்தில் முதல் ஊரை ஜெயித்தாள். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கட்டைவிரல் வளைந்தது, கூடவே ஆள்காட்டி விரலும் பிழைத்து எழுந்தது. ஒருநாள் இடது கையால் டம்ளர் காபியை எடுத்துக் குடித்துவிட்டு, மகளிடம் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை மட்டும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

நாலாவது ஊரில் வந்தது வினை. பந்தயம் ஆரம்பித்து ஒரு நிமிஷத்தில் திரை கறுத்தது, பிறகு நீலமானது, லேப்டாப் அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி ஆடினாள், மறுபடி அணைந்தது. தீபலட்சுமி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பரிதாவின் மாடியேறினாள்.

பரிதாவுக்கு அந்த லேப்டாப் பழக்கப்பட்டதுதான். போன வருஷம் மூடியின் கீல் உடைந்து வந்தது, சரி செய்து கொடுத்திருந்தாள். "சூடு" என்றாள் உடனே. கழற்றினாள். விசிறியில் ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு. சுத்தம் செய்து, சூட்டை இறக்கும் பேஸ்ட் புதிதாகத் தடவி மூடினாள். சோதித்துப் பார்க்க வேண்டாமா? எமுலேட்டரைத் திறந்தாள். சாமுண்டீஸ்வரி விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று அது கேட்டது. அடுத்தவர் ஆடி வைத்ததைத் தொடுவாளா பரிதா? புது ஆட்டம் என்பதை அமுக்கி முதல் ஊரில் இறங்கினாள். இரண்டாவது வளைவில் வண்டியோடு கடலில் விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். அரைமணி நேரம் விழுந்துகொண்டே இருந்தாள், லேப்டாப் ஒருமுறைகூட அணையவில்லை. "சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போ" என்று கொடுத்தனுப்பினாள்.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. மெமரியை மாற்றினாள். கடலில் அரைமணி விழுந்தாள். போனது, வந்தது. ஆடி வைத்ததை மட்டும் தொடாமல் எமுலேட்டரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள், மறுபடி கடல். நாலாவது தடவை தீபலட்சுமி படியேறி வந்தபோது கீழே பாத்திரக்கடைக்காரர், "இன்னாம்மா, மாசப் பாஸ் வாங்கிட்டியா?" என்று கேட்டது பரிதாவின் காதில் விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கடையில அணையறதில்ல, வீட்டுலதான் அணையுது. அப்போ கோளாறு வீட்டுல கீது" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை சேலையூருக்கே போனாள்.

போலீஸ் விசாரணை தோற்றது போங்கள். பிளக்கைக் குடைந்தாள். இன்வெர்ட்டரைப் பார்த்தாள். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், பிரிட்ஜ் அதே லைனிலா, லேப்டாப்பை மெத்தைமேல் வைக்கிறீர்களா என்று சாமுண்டீஸ்வரியை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"கொசு பேட் ஒண்ணுதான் பாக்கி. அதையும் கூப்ட்டு விசாரிச்சுடு" என்றாள் சாமுண்டீஸ்வரி.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில், "சரி, நீங்க ஆடுங்கக்கா, நான் பாக்கறேன்" என்றாள் பரிதா. சாமுண்டீஸ்வரி ஆர்வமாக உட்கார்ந்தாள். பார்க்கிறவர்கள் வந்துவிட்டதால் கட்டைவிரல் கொஞ்சம் அதிகமாகவே நடுங்கியது. வண்டி கிளம்பியது, ஒரு வளைவு, இன்னொரு வளைவு, திரை கறுத்தது, நீலமானது.

பரிதா ஆரம்பத்திலிருந்தே திரையைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. விளங்கிவிட்டது போல இருப்பதைவிட ஆபத்தானது வேறெதுவும் இல்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட அரைமணி, ஒருமணி நல்லா ஓடுது. உங்க கையில மட்டும்தான் அணையுது. கை நடுங்கறதுல வேற எதையோ சேத்து அமுக்கிடுறீங்க போல. மெஷின் மேல குத்தம் இல்லக்கா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதைச் சொல்லாமல் சொன்ன மாதிரிதான். சாமுண்டீஸ்வரி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் ஆட்டோக்காரர்களுக்கும் தண்ணி லாரிக்காரர்களுக்கும் பதில் சொன்ன வாய், "அப்டியா" என்று மட்டும் சொன்னது. கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தாள். பரிதா டீ குடித்துவிட்டு, கேஸ் முடிந்த திருப்தியோடு ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தாள்.

பத்து நாள் கழித்துத் தீபலட்சுமி வந்தாள். லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் மேஜைமேல் வைத்து, "இத வித்துக் குடுத்துடுங்கக்கா" என்றாள்.

"ஏன், இன்னா ஆச்சு?"

"அம்மா வேணாம்னுட்டாங்க."

"வேற எதாவது செய்றாங்களா, கைக்கு?"

"எதுவும் இல்ல. சாப்பிடும்போதுகூட அந்தக் கைய முந்தானைக்குள்ள வச்சுக்கறாங்க. டம்ளர் எடுங்கம்மான்னா, போட்டு உடைச்சிடுவேன்னு சொல்றாங்க. ரெண்டு வாரம் முன்னாடி அதே கையாலதான் காபி குடிச்சாங்க." கன்ட்ரோலரின் வயரைச் சுருட்டி வைத்தாள். "டாக்டர் சொன்ன ஆறு மாசத்துல இன்னும் ஒன்றரை மாசம்தான் இருக்கு."

நீங்கள் சொன்னதால்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரிதா ஒரு பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். மரியாதையான பெண், படியிறங்கிப் போய்விட்டாள். பரிதாவுக்கு அன்று மத்தியானம்வரை வேலையே ஓடவில்லை. ஸ்க்ரூவைத் தொலைத்தாள், தேடினாள், கிடைத்ததை மறுபடி தொலைத்தாள்.

ஒன்றரை மணிக்கு யாசீன் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தான். அவள் கை கழுவப் போன நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து கன்ட்ரோலரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாசீனுக்கு நல்ல குணங்கள் குறைவு, அதாவது இந்த விஷயத்தில். தொடரவா என்று எமுலேட்டர் கேட்டது, தொடரு என்று அமுக்கினான்.

"ஏங்க, அது அந்த அக்கா ஆடி வச்சது, தொடாதீங்க" என்று பரிதா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"சும்மா ஒரு ரவுண்டு. அடேங்கப்பா, மழை பேயுது பாரு."

பரிதா பார்த்தாள். சேலையூரில் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள் கவனிக்காமல் விட்ட ஊர் அது. இருட்டு, தெருவிளக்கு, கண்ணாடியில் வழிகிற மழை, தார் ரோட்டில் விளக்கெல்லாம் தலைகீழாக மினுங்கிக்கொண்டிருந்தது. யாசீன் முதல் வளைவைக்கூட எட்டவில்லை. திரை கறுத்தது, நீலமானது. அவன் கன்ட்ரோலரை விட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"நான் ஒண்ணும் பண்ணல. சத்தியமா ஒண்ணும் அமுக்கல."

அவன் கை நடுங்குகிற கை இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை வைத்து ஏசி மாட்டுகிற கை. பரிதா சாப்பாட்டை மூடி வைத்தாள்.

விண்டோஸ் தான் விழுந்த கதையெல்லாம் தானே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் விழுந்தது ஒன்றேதான்: சின்ன கிராபிக்ஸின் டிரைவர். மூன்று வருஷத்துப் பழசு. மழையும் விளக்கும் மினுமினுப்பும் அந்தச் சின்னதால் தாங்கக்கூடிய சமாச்சாரமே இல்லை. முதல் மூன்று ஊரில் மழை கிடையாது, அதனால் தாங்கியது. சரி, பெரிய கிராபிக்ஸ் எங்கே போயிற்று? லேப்டாப்பிலுள்ள பாகங்களின் பட்டியலைத் திறந்தாள். அது அங்கேதான் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிரைவரும் புதுப்பிக்க முடியாதபடி பூட்டியிருந்தது.

யார் இந்த வேலை செய்தது என்று ஒரு கணம் கோபமாக யோசித்தாள் பாருங்கள், அதுதான் வேடிக்கை. அப்புறம் போன வருஷத்துக் கீல் ஞாபகம் வந்தது, டீ ஞாபகம் வந்தது. காது மடல்வரை சூடேறியது.

"யாரோ ஒரு முட்டாள் அணைச்சு வச்சிருக்கான் போல" என்றான் யாசீன், தோளுக்குப் பின்னாலிருந்து.

"நான்தான்" என்றாள் பரிதா.

அவன் கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். புத்திசாலி.

சரி செய்ய இருபது நிமிஷம்தான் ஆனது. சாமுண்டீஸ்வரி ஆடி வைத்திருந்ததை முதலில் ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். பெரியதை எழுப்பினாள், பூட்டை எடுத்தாள், புது டிரைவர் போட்டாள், எமுலேட்டரைப் பெரியதன் பொறுப்பில் விட்டாள். நாலாவது ஊரைத் திறந்து வைத்தாள். ஒருமணி நேரம் மழை பெய்தது. விசிறி அலறியது, லேப்டாப் அடியில் தோசை வார்க்கலாம் போல இருந்தது, ஆனால் அணையவில்லை.

"அப்டேட்ல சரியாயிடுச்சுன்னு சொல்லிக் குடுத்துடு. அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?" என்றான் யாசீன்.

தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. பரிதாவே பத்து தடவை சொல்லியிருக்கிறாள். பேரும் கெடாது, கடையும் கெடாது. இந்தக் கைவைத்தியம் பண்ணின லேப்டாப் எத்தனை இந்தப் பக்கம் உலாவுகிறதோ, கணக்கே இல்லை. வெளியே தெரிந்தால் ஆளாளுக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். ஆனால் அப்டேட் என்று சொன்னால் லேப்டாப்தான் சரியாகும். முந்தானைக்குள் இருக்கிற கை அங்கேயேதான் இருக்கும். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. சாப்பிடாமலே கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு சேலையூருக்குக் கிளம்பினாள்.

சாமுண்டீஸ்வரி வராந்தாவில் உட்கார்ந்து வலது கையால் மட்டும் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். "வித்துட்டியா?" என்று கேட்டாள்.

"விக்கலக்கா. சரியாயிடுச்சு. தப்பு என்னோடது. போன வருஷம் நான்தான் இதுல ஒண்ண அணைச்சு வச்சேன், அதனாலதான் அணைஞ்சிது. உங்க கையால இல்ல."

சாமுண்டீஸ்வரி அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தீபா சொல்லி அனுப்ச்சாளா?"

"இல்லக்கா, நெசமாத்தான்."

"இதப் பாரு பரிதா, ஆஸ்பத்திரியில எல்லாரும் இப்டித்தான் இனிக்க இனிக்க பேசினாங்க. உன் கையில ஓடிச்சுன்னு நீயே சொன்ன, என் கையில நின்னுச்சு. நானே பாத்தேன். போ, வேலையப் பாரு."

பரிதாவுக்கு வாதாடிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள். கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, புது ஆட்டத்தை அமுக்கி, முதல் ஊரில் வண்டியைக் கிளப்பினாள். இரண்டாவது வளைவில் கடல். மறுபடி கிளப்பினாள், கடல். மூன்றாவது தடவை சாமுண்டீஸ்வரியின் கை அவரைக்காயில் நின்றுவிட்டது.

"வளைவுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கணும்மே. இன்னா ஓட்டற நீ?"

நாலாவது தடவை முதல் வளைவிலேயே கடல்.

"ஐயோ, எருமை மாடுகூட திரும்பும்."

"இதுதான்க்கா என் லட்சணம்" என்றாள் பரிதா. "அந்த மழை ஊருக்கு நான் போனதே கிடையாது. இந்த முதல் ஊரையே தாண்டல. அணையறது அங்கதான். அதனாலதான் எங்கிட்ட அணையல. நீங்க மூணு ஊர் ஜெயிச்சு அங்க வரைக்கும் போயிட்டீங்க. அந்தக் கையாலதான் போனீங்க. அது தெரியாம நான் அதும்மேலயே பழியப் போட்டேன்."

திரையில் வண்டி கடலுக்குள் கிடந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள். தெருவைப் பார்த்தாள். தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸில் போய்க்கொண்டிருந்தது, அதன் டிரைவரைத் திட்டக்கூட இல்லை.

"பத்து நாளா இந்தக் கையத்தான் திட்டிக்கினு கீறேன். ராத்திரியெல்லாம் திட்டினேன். வெட்டிப் போட்டுடலாமான்னுகூட தோணிச்சு" என்றாள்.

பரிதாவின் கண் நிறைந்துவிட்டது. "சாரிக்கா."

"எங்கிட்ட எதுக்கு சொல்ற? அதுங்கிட்ட சொல்லு."

முந்தானைக்குள்ளிருந்து இடது கை மெதுவாக வெளியே வந்தது. மெலிந்து, வெளுத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. பரிதா கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கினாள். சொல்ல வேண்டியதை அதனிடம் சொன்னாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் கையைப் பற்றின. பிடியில் பலம் அதிகமில்லை. ஆனால் கண்ணைத் துடைக்கப் பரிதா கையை இழுத்தபோது அது விடவில்லை.